அலுமினியத் தாளில் சுற்றிய பால்

முதுகை எடுத்தால் கதவு திறந்துவிடும். அவ்வளவுதான் விஷயம், இதில் யோசிக்க ஒன்றுமில்லை, பேசாமல் சாய்ந்து நில், ஆக்னெலா, படித்த படிப்புக்கு இந்த வேலையையாவது உருப்படியாகச் செய் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், ஆனால் யோசிக்க ஒன்றுமில்லாத இடத்தில்தான் இந்த மண்டை கண்டதையும் இழுத்துப் போட்டுக்கொள்கிறது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்று நேற்றே பேப்பரில் போட்டிருந்தார்கள். காலையில் போனால் சாயங்காலம்தான் வரும், எல்லா மாதமும் உள்ளதுதான், ஜெனரேட்டர் இருக்கிற தைரியத்தில் என்னைத் தவிர இங்கே யாரும் அதைப் படிப்பதுகூட இல்லை. இன்றைக்குப் பார்த்து ஜெனரேட்டர் கொஞ்சம் இருமிவிட்டு அடங்கிவிட்டது. வாட்ச்மேன் பலவேசம் அண்ணாச்சி, மெக்கானிக்கைக் கையோடு கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர் போனவர்தான். சனிக்கிழமை, ஆய்வுக்கூடத்தில் வேறு ஆள் கிடையாது. ஃப்ரீசர் கதவின் தாழ்ப்பாள் போன மாதமே உடைந்துவிட்டது. கரண்ட் இருக்கும்போது அது தெரியாது, ரப்பர் விளிம்பு குளிரில் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். கரண்ட் போய்க் கொஞ்ச நேரத்தில் ரப்பர் இளகிக் கதவு மெல்ல வாயைத் திறக்கிறது, ஏனென்றால் கழுவித் தள்ள வசதியாக இந்த அறையின் தரையை வாய்க்காலைப் பார்த்துச் சரிவாகப் போட்டிருக்கிறார்கள், ஃப்ரீசரும் அந்தச் சரிவில் குனிந்துதான் நிற்கிறது. நாற்காலியை அண்டக்கொடுத்தேன், அது ஈரத்தரையில் வழுக்கிக்கொண்டு வாய்க்காலுக்குப் போனது. பிளாஸ்திரி ஒட்டினேன், வேர்த்த தகட்டில் ஒட்டமாட்டேன் என்றது. இத்தனை நாள் கதவுக்கு முட்டுக்கொடுத்து நின்றது ஃபார்மலின் நிறைந்த நீல டிரம். அதை வெளிக்கொட்டகைக்கு மாற்றச் சொன்னது யார்? நான்தான். பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள் அந்த நெடியில் நிற்க முடியாது, எடுங்கள் என்று சார் முன்னால் போய் நின்று சண்டை பிடித்து ஜெயித்தேன். ஜெயித்ததற்கு இப்போது டிரம் நின்ற இடத்தில் நான் நிற்கிறேன்.

எதிர் அலமாரியில் பாட்டில்கள் வரிசையாக என்னைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கென்ன கவலை, கரண்ட் இருந்தாலும் போனாலும் ஒன்றுதான். மேல்தட்டில் சாராயத்தில் ஊறும் தோல் துண்டுகள், கீழ்த்தட்டில் உப்பும் கரைப்பானும் கலந்த தண்ணீரில் கிடக்கும் சதை. அந்தக் கரைப்பான் பொல்லாதது, கையுறையில் ஊசிமுனை ஓட்டை இருந்தால் போதும், தோல் வழியாக ஏறி வாயில் பூண்டு மணக்கும். கல்யாணமான புதிதில் ஜெரோன் என்னை முகர்ந்துவிட்டு, வீட்டில் ரசமே வைக்கவில்லையே, எங்கே போய்ச் சாப்பிட்டு வந்தாய் என்று கேட்டிருக்கிறார். தெரசி பிறந்தபிறகு அந்தப் பாட்டில்களை நான் தொடுவதில்லை. தொடாதது எதெல்லாம், தொட்டது எதெல்லாம் என்று கணக்குப் போட ஆரம்பித்தால் முடியாது, அதை விடு. போன் அதிர்கிறது. கழுவுதொட்டிப் பக்கம் கல்மேடையில் வைத்திருக்கிறேன், நான் கையை நீட்டினால் எட்டாது, காலை நீட்டினாலும் எட்டாது, அதையும் முயற்சி பண்ணிப் பார்த்தாயிற்று. அதிர அதிர அது தொட்டியை நோக்கி நகர்கிறது. ஜெரோனாகத்தான் இருக்கும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், இன்றைக்கு வார விடுப்பு, பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன், மதியத்துக்குள் வந்துவிடு என்றார். பால் எடுத்து வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுத்தான் வந்தேன். வைத்தது சரி, கரண்ட்? எங்கள் தெருவும் இதே லைனில்தானே வருகிறது. இங்கே ஃப்ரீசரைக் காப்பாற்றவேண்டும் என்று விடிந்ததும் விடியாததுமாக ஓடிவந்தவளுக்கு வீட்டு ஃப்ரிட்ஜ் நினைவுக்கு வரவில்லை. பால் கெட்டிருக்கும், அல்லது கெடுமுன்னால் எல்லாவற்றையும் குடித்து முடித்திருப்பாள். போன் நின்றுவிட்டது. பிள்ளை அழுகிறது என்று நினைத்த உடனே மாரில் குறுகுறுவென்று இறங்குகிறது, துணி நனைகிறது, துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொள்கிறேன். பார்க்க ஆளே இல்லாத அறையில் எதற்கு இந்த வெட்கம் என்று தெரியவில்லை.

அதற்கும் இப்படித்தான் வடிந்தது. மணப்பாட்டுக்குத் தெற்கே, போன வருஷம், வயிற்றில் தெரசியைச் சுமந்துகொண்டு நான் ஜீப்பை விட்டு இறங்கும்போது மணலில் இரண்டு ஓங்கல் செத்து ஒதுங்கிக் கிடந்தன. ஓங்கல் என்றால் டால்பின், எங்கள் டாடி கடலுக்குப் போன காலத்திலிருந்து வீட்டில் ஓங்கல் என்றே சொல்லிப் பழக்கம். ஒன்று பெரியது, ஒன்று குட்டி, குட்டியின் உடம்பில் பிறந்தபோது இருந்த மடிப்புக்கோடுகள்கூட இன்னும் மறையவில்லை. மீன் விற்கிற பெண் ஒருத்தி என் வயிற்றைப் பார்த்துவிட்டு, நீ எதுக்கம்மா இங்க வந்த, தள்ளிப் போ, வெட்டுறத ஆம்பளைங்க வெட்டட்டும் என்று தன் தலைத்துண்டை எடுத்து என் முகத்துக்கு முன்னால் பிடித்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. கையுறையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இந்த வேலையில் அவசரம்தான் எல்லாமே, வெயில் ஏற ஏற உடம்பு உள்ளுக்குள் வெந்துவிடும். கத்தியைச் சாராயத்தில் துடைக்கணும், முதுகுத் துடுப்புக்கு அடியில் சதுரமாகத் தோலோடு கொழுப்பை எடுக்கணும், ஒரு துண்டு சாராயத்துக்கு, ஒரு துண்டு ஃபார்மலினுக்கு, விஷம் பார்க்கிற துண்டு மட்டும் பிளாஸ்டிக் படாமல் அலுமினியத் தாளில், பெயரைப் பென்சிலால் எழுதணும், பேனா மை சாராயத்தில் கரைந்து ஓடிவிடும். எல்லாம் கை தானாகச் செய்தது. பெரியதைப் புரட்டி வயிற்றை அமுக்கியபோதுதான் காம்பு ஒளிந்திருக்கும் பிளவிலிருந்து பால் வந்தது. பால் என்றால் நம் பால் மாதிரி இல்லை, பற்பசையைப் பிதுக்கினதுபோல கெட்டியாக, மஞ்சள் தட்டி, மணலில் விழுந்தும் ஓடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தது. அதையும் ஒரு கண்ணாடிக் குப்பியில் எடுத்தேன். கிடைக்கவே கிடைக்காத சாம்பிள் இது, எத்தனை பேருக்கு இந்த அதிர்ஷ்டம் என்று சந்தோஷமாக இருந்தது. துண்டைப் பிடித்திருந்தவள் அதை உதறித் தலையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

சந்தோஷப்பட்டேன், ஆமாம், பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது ஒரு கருத்தரங்கில் திரையில் ஒரு வரைபடத்தைக் காட்டி, இது எவ்வளவு அழகான கோடு பாருங்கள் என்று நான் பேசியிருக்கிறேன். வயலில் தெளித்த பூச்சிமருந்து, பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய், எல்லாம் மழையில் ஆற்றுக்கு வந்து, ஆறு கடலுக்கு வந்து, மீனுக்குள் போய், மீனைத் தின்கிறவற்றின் கொழுப்பில் குடியேறிக்கொள்ளும். போகவே போகாது. ஆண் ஓங்கலுக்கு வயது ஏற ஏற அந்த விஷத்தின் கோடு ஏறிக்கொண்டே இருக்கும். பெண்ணுக்கும் ஏறும், ஏறி ஏறி ஓர் இடத்தில் சட்டென்று விழும். அந்த இடம் எதுவென்றால் முதல் பிரசவம். தாய் தன் உடம்பில் சேர்த்துவைத்ததையெல்லாம் பாலில் இறக்கிவிடுகிறாள், தலைப்பிள்ளை அதைக் குடித்துவிடுகிறது, அவள் சுத்தமாகிவிடுகிறாள். அழகான கோடு. கை தட்டினார்கள். மதியச் சாப்பாட்டில் எல்லோரும் வந்து பாராட்டினார்கள், நான் இரண்டாவது தடவை மீன் குழம்பு வாங்கிக்கொண்டேன். பிறந்ததிலிருந்து மீன் இல்லாமல் ஒருநாள் சோறு இறங்கியதில்லை எனக்கு. சாளை, நெத்திலி, சீலா, விளமீன், காய்ச்சல் என்றால்கூட மம்மி சுறாப் புட்டுதான் செய்து தருவாள். பிரசவத்துக்கு மம்மி வீட்டுக்குப் போனபோது பால் ஊறும் என்று அதே சுறாவை நாள் தவறாமல் கிண்டிப் போட்டாள், நானும் தின்றேன், பால் ஊறியது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் தெரசியை என் மேல் போட்டு, தலைப்பிள்ளையா என்று கேட்டபோது ஆமாம் என்றுதான் சொன்னேன், சொன்னவுடனே அந்தக் கோடு வந்துவிட்டது. திரையில் பார்த்த அதே சிவப்புக் கோடு, விழுகிற இடத்தோடு. அன்றையிலிருந்து அவள் வாய் வைக்கும்போதெல்லாம் வருகிறது. குழந்தை டாக்டரம்மாவிடம் கேட்டேன், நேராகக் கேட்காமல் யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டேன். தாய்ப்பாலுக்கு ஈடு எதுவும் கிடையாது, மனசைப் போட்டுக் குழப்பாமல் கொடுக்கச் சொல்லு என்றார். அது எனக்கும் தெரியும், நானே நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். தெரிந்தது ஒரு பக்கம் நிற்கிறது, கோடு ஒரு பக்கம் நிற்கிறது, நடுவில் பிள்ளை குடித்துக்கொண்டிருக்கிறது.

அதனால்தான் என் பாலையும் எடுத்தேன். போன வாரம், மதியம், கதவைத் தாழிட்டுக்கொண்டு, இதே அறையில், அதே மாதிரிக் கண்ணாடிக் குப்பியில். பிளாஸ்டிக் படாமல், மூடிக்கு உள்ளே அலுமினியத் தாள் வைத்து, மேலேயும் ஒரு சுற்றுச் சுற்றி, பென்சிலால் ஓர் எண் போட்டு, ஓங்கலின் பாலுக்குப் பக்கத்தில் வைத்தேன். திங்கட்கிழமை டிரை ஐஸ் வந்ததும் எல்லாம் விஷச் சோதனைக்குக் கொச்சிக்குப் போகிறது. அங்கே உள்ளவர்களுக்கு அது ஓர் எண், அவ்வளவுதான், வந்த எண்ணுக்கு விடை அனுப்புவார்கள். யாரிடமும் சொல்லவில்லை. ஜெரோனிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன கேட்பார் என்று தெரியும், அதற்கு என்னிடம் பதில் இல்லை என்பதும் தெரியும். இப்போது என் முதுகுக்குப் பின்னால் ஒரு சாண் தடிமனான கதவு, கதவுக்குப் பின்னால் வருஷக்கணக்காகக் கரை கரையாக அலைந்து சேர்த்த கொழுப்பு, திமிங்கிலம் ஒன்று, ஓங்கல் பல, அவற்றுக்கு நடுவில் நான். கதவு திறந்தால் இந்த வெக்கையில் ஒரு மணி நேரம் தாங்காது. கொழுப்பு இளகும், எண்ணெய் தாளைத் தாண்டிக் கசியும், ஒன்றின் விஷம் இன்னொன்றோடு சேரும், பிறகு எந்த விடையும் விடையில்லை. எல்லாவற்றையும் குழிதோண்டிப் புதைக்கத்தான் வேண்டும். என்னுடையதையும் சேர்த்து.

என்னுடையதையும் சேர்த்து. அட, அதுவும் ஒரு வழிதானே. இந்த நினைப்பு இப்போதுதான் வருவதுபோல நடிக்காதே, ஜெனரேட்டர் நின்ற சத்தம் கேட்டபோதே வந்துவிட்டது. கால் மரத்துப்போயிருக்கிறது, இடுப்பு விண்ணென்று வலிக்கிறது, ஒரு பெண்பிள்ளை எவ்வளவு நேரம்தான் ஒரு கதவைத் தாங்குவாள், சார் என்ன சொல்லப்போகிறார், பரவாயில்லம்மா, உன் தப்பு இல்ல, தாழ்ப்பாள எப்பவோ மாத்தியிருக்கணும் என்பார். எல்லோரும் பாவம் என்பார்கள். எனக்கும் தெரியவேண்டாம், ஜெரோனுக்கும் தெரியவேண்டாம், தெரசி பாட்டுக்குக் குடித்து வளர்வாள், எல்லாப் பிள்ளைகளும் வளரவில்லையா, என் மம்மி கொடுக்கவில்லையா, நான் குடிக்கவில்லையா. நானும் தலைப்பிள்ளைதான். ஐயோ, இது எனக்கு ஏன் இதுவரை தோன்றவில்லை, நானும் தலைப்பிள்ளைதானே. மம்மி தன்னிடம் இருந்ததை என்னிடம் இறக்கிவைத்தாள், நான் அதையும் சேர்த்து இவளிடம் இறக்குகிறேன், இவள் யாரிடம் இறக்குவாள். கோடு விழுவதே இல்லை, இடம் மாறுகிறது, அதைத்தான் அழகு என்று சொல்லியிருக்கிறேன். போன் மறுபடியும் அதிர்கிறது. ஒரே ஓட்டமாய் ஓடிப்போய் எடுத்துவிட்டு வந்து மறுபடி சாய்ந்தால் என்ன. கொஞ்சம் நகர்ந்துதான் பார்ப்போமே. தோள் இரண்டையும் முன்னால் எடுத்தேன், பிறகு இடுப்பை, ஒரு விரல்கடை. கதவு காத்திருந்தது மாதிரி பின்னாலேயே வந்தது. இடுக்கு வழியாகக் குளிர் வந்து பிடரியில் பட்டது, கூடவே அந்த வாடை, உறைந்த கொழுப்பின் லேசான சவர்வாடை, நன்றாக இருந்தது, இந்தப் புழுக்கத்தில் அந்தக் குளிர் அவ்வளவு நன்றாக இருந்தது. அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. யாரோ என்னை அறைந்ததுபோல முதுகால் ஒரே இடி இடித்துக் கதவை மூடினேன். அழுகை வந்தது. பயம், வேறென்ன, தெரிந்துகொள்ளப் பயமாக இருக்கிறது எனக்கு, தெரியாமலே இருந்துவிடவும் பயமாக இருக்கிறது. போன் தொட்டிக்குள் விழுந்து, விழுந்த இடத்திலும் அதிர்ந்துகொண்டிருந்தது.

பைக் சத்தம் கேட்டது, மெக்கானிக் என்று நினைத்தேன். நடையில் தெரசியின் அழுகை வந்தது, அதற்குப் பின்னால் ஜெரோன் வந்தார். பக்கத்து வீட்டு மாமியின் மகனைப் பைக் ஓட்டச் சொல்லிப் பின்னால் பிள்ளையை மார்போடு கட்டிக்கொண்டு உட்கார்ந்து வந்திருக்கிறார், சட்டையெல்லாம் வாய்நீரும் கண்ணீரும். எத்தனை தடவை போன் போடுவது, ஃப்ரிட்ஜில் இருந்த பால் திரிந்துவிட்டது, பவுடர் பால் கரைத்துக் கொடுத்தால் துப்புகிறாள், உனக்கு என்ன ஆயிற்றோ என்று பாதி வழியிலேயே எனக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது என்று மூச்சு வாங்கச் சொன்னவர், நான் நிற்கிற கோலத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். ஒரு கையால் என் தோளுக்கு மேலே கதவை அழுத்திக்கொண்டு மறுகையால் பிள்ளையை நீட்டினார், நான் வாங்கிக்கொண்டு அவருடைய கைக்கு அடியில் குனிந்து வெளியே வந்தேன். அவர் முதுகைக் கொடுத்துச் சாய்ந்தார். வாய்க்காலில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன், தெரசி துணியோடு சேர்த்துக் கவ்வப் பார்த்தாள். கொடுத்தேன். கோடு வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு அவசர அவசரமாக விழுங்குகிற சத்தம் மட்டும் அந்த அறையில் கேட்டது.

உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது, இப்படிக் காவல் காப்பதற்கு என்று ஜெரோன் கேட்டார். ஆயிரம் தடவை சொல்லிய பதில் நாக்கில் இருந்தது, ஓங்கல் கொழுப்பு என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

“என் பாலும் இருக்கு,” என்றேன்.

பிறகு நிறுத்த முடியவில்லை. மணப்பாடு, மணலில் விழுந்த பால், கோடு, கருத்தரங்கு, நர்ஸ் கேட்ட கேள்வி, கண்ணாடிக் குப்பி, எல்லாவற்றையும் முன்பின்னாகக் கொட்டினேன். அவர் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். கிரேன் மேலே தனியாக உட்கார்ந்து பழகியவர், யோசிக்கும்போது முகத்தில் ஒன்றும் தெரியாது.

“கூடுதலா இருக்குன்னு வந்தா, கொடுக்குறத நிப்பாட்டிருவியா?”

“மாட்டேன்.”

“குறச்சலா இருக்குன்னு வந்தா, பயம் போயிருமா?”

தெரசியின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டேன்.

“பொறவு எதுக்கு இது?” குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்கமுடியவில்லை. “நீ சொல்லு, நான் நகந்துக்கிடுதேன். கரண்ட் போச்சு, உருகிட்டு. யாரு வந்து கேக்கப்போறா?”

நான் தனியாக நின்று எனக்குள்ளே சொல்லிப் பார்த்த அதே வார்த்தை, இப்போது வெளியே, அன்பாக, எனக்காகச் சுமந்துகொள்கிற மாதிரி. சரி என்று சொன்னால் போதும், தலையை ஆட்டினால்கூடப் போதும், தப்பு என் மேலும் இருக்காது, அவர் மேலும் இருக்காது. அவருடைய தோள் கதவிலிருந்து லேசாகப் பிரிந்துவிட்டது, நான் பார்த்தேன். தெரசி குடிப்பதை நிறுத்தி, காம்பை விடாமலே கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். மணலில் கிடந்த அந்த ஓங்கல் குட்டியிடம் யாரும் எதையும் சொல்லியிருக்க முடியாது. இவள் வளர்வாள், மீன் தின்பாள், ஒருநாள் இவளுக்கும் மாரில் பால் இறங்கும், என்னைப்போல யாருக்கோ கேட்பதுபோல எங்கோ போய்க் கேட்டுக்கொண்டு நிற்பாள்.

“இவ கேப்பா,” என்றேன். “என்கிட்டதான் வந்து கேப்பா.”

ஜெரோன் செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலை வாய்க்கால் விளிம்பில் ஊன்றி, முதுகு முழுவதையும் கதவில் வைத்து அழுத்தினார். தெரசி ஒரு பக்கத்தைக் காலி செய்துவிட்டு, முகத்தைத் திருப்பித் தேடினாள். நான் அவளை அடுத்த பக்கம் மாற்றினேன்.